பெயர் ஒன்று; வாட் வேறு!

அறிவியல் முற்றம்

 

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த அன்பர் ஒருவர் அருகில் வந்து அமர்ந்தார். வளைகுடா நாடொன்றில் பல்லாண்டுகளாக உழைத்துவருபவர். விடுமுறையில் ஊர் வந்திருக்கிறார். கட்டடக் கலை பயிலும் தம் மகனுக்குப் புதிய மடிக்கணினி ஒன்று வாங்கித் தந்திருக்கிறார். அதே மாதத்தில் அவருடைய மைத்துனரும் தம் மகனுக்கு ஒன்று வாங்கியிருக்கிறார். இரண்டு பெட்டிகளிலும் 'ஜீஃபோர்ஸ் ஆர்.டி.எக்ஸ். 4060' என்னும் ஒரே வரைகலைச் சில்லின் பெயர்தான் அச்சிடப்பட்டிருக்கிறது. ஆயினும் ஒரே கட்டட மாதிரியை இரண்டிலும் ஓட்டிப் பார்த்தபோது, இவர் மகனுடைய கணினி நன்றாகவே பின்தங்கிவிட்டதாம்.

"கடைக்காரர் என்னை ஏமாற்றிவிட்டாரா, காக்கா? போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டாரா?" என்று அவர் கேட்டபோது, குரலில் பணம் போன வருத்தத்தைவிட, மகனுக்குக் குறையுள்ள பொருளை வாங்கித் தந்துவிட்டோமோ என்னும் வருத்தமே மிகுந்திருந்தது.

விவரங்களை வாங்கிப் பார்த்தேன். சரக்கு போலியன்று, இரண்டும் அசல் சில்லுகளே. ஆனால் இவர் மகனுடைய மடிக்கணினியில் அந்தச் சில்லு உண்ணக்கூடிய மின்சாரத்திற்கு விதிக்கப்பட்டிருந்த உச்சவரம்பு 65 வாட். மைத்துனர் மகனுடையதிலோ 115 வாட். இந்த எண் பெட்டியின் மேலும் இல்லை. கடைக்காரர் தந்த பில்லிலும் இல்லை. பெயர் மட்டும் ஒன்று!

விளையாட்டுக்கென்று விற்கப்படும் கணினியைப் பற்றிக் குடும்பப் பத்திரிகையில் ஏன் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். 'கேமிங் லேப்டாப்' என்ற பெயரில் விற்கப்பட்டாலும், கட்டட வரைபடம், திரைப்படத் தொகுப்பு, செயற்கை நுண்ணறிவு ஆகியவற்றைப் பயிலும் நம் பிள்ளைகள் பலரும் இன்று இதைத்தான் கேட்கிறார்கள். வாப்பாவின் பல மாதச் சேமிப்பு இதற்குச் செலவாகிறது. ஆகவே, இதன் உள்ளே நடப்பதைச் சற்று அறிந்துகொள்வது குடும்பத்திற்கு நன்மையே தரும்.

நகத்தளவில் ஒரு நெருப்பு

வாட் என்பது ஒரு கருவி எவ்வளவு விரைவாக மின்னாற்றலைச் செலவிடுகிறது என்பதைச் சொல்லும் அளவு. ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால், மின் கட்டண அட்டையில் ஒரு யூனிட் ஏறும்.

மின்விசிறி காற்றைத் தள்ளுகிறது; நீரிறைக்கும் மோட்டார் நீரை உயர்த்துகிறது. வரைகலைச் சில்லு இத்தகைய வேலை எதையும் செய்வதில்லை. கணக்கு மட்டுமே போடுகிறது. எனவே அது உண்ணும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளிவந்தாக வேண்டும். வரைகலைச் சில்லும் முதன்மைச் செயலியும் சேர்ந்து 200 வாட் உண்ணும் மடிக்கணினி, பழைய 100 வாட் குண்டு பல்புகள் இரண்டை ஒரு மெல்லிய பெட்டிக்குள் எரியவிடுவதற்குச் சமம். அந்த வெப்பத்தின் பெரும்பகுதி, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிதான ஒரு சிலிக்கன் துண்டிலிருந்து கிளம்புகிறது என்றால் வியப்பாக இல்லையா? மடிக்கணினியில் விசிறிகள் இரைவதும், பின்புறத் துளைகள் வழியே அனல் வீசுவதும் இதனால்தான்.

மேசைக் கணினியில் பெரிய பெட்டியும் பெரிய விசிறிகளும் உண்டு, மின்சாரத்திற்கும் தட்டுப்பாடில்லை. மடிக்கணினியிலோ வெப்பம் வெளியேற வழி குறுகல், எடைக்கும் வரம்புண்டு. எனவே மடிக்கணினியில் ஒரு சில்லின் தரத்தை அதன் உச்ச வேகத்தைக் கொண்டு மட்டும் எடைபோட முடியாது. ஒவ்வொரு வாட்டுக்கும் அது எவ்வளவு வேலை செய்கிறது என்பதே சரியான உரைகல். இதையே மின் சிக்கனத் திறன் என்கிறோம்.

பாதி மின்சாரம், ஐந்தில் நான்கு பங்கு வேகம்

இங்கே இயற்கையின் விதி ஒன்று குறுக்கிடுகிறது. ஆர்.டி.எக்ஸ். 4060 சில்லில் சுமார் 1,890 கோடி டிரான்சிஸ்டர்கள் உள்ளன. இவை நொடிக்குப் பல கோடி முறை மாறி மாறித் திறந்து மூடும் நுண்ணிய மின்கதவுகள். ஒவ்வொரு முறை மாறும்போதும் செலவாகும் ஆற்றல், மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. வேகத்தைக் கூட்ட வேண்டுமானால், கதவுகள் தடுமாறாமல் மாறுவதற்கு மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். ஆக, வேகம் ஒரு முறையும் மின்னழுத்தம் இரு முறையும் பெருக்கலில் சேர்கின்றன.

கணக்கைப் பாருங்கள். வேகத்தையும் மின்னழுத்தத்தையும் எண்பது விழுக்காடாகக் குறைத்தால், 0.8 × 0.8 × 0.8 = 0.512. அதாவது, வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் விட்டுக்கொடுத்தால் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி மிச்சமாகிறது! மாறாக, இரண்டையும் பத்து விழுக்காடு கூட்டினால், மின்சாரச் செலவு முப்பத்து மூன்று விழுக்காடு ஏறுகிறது. எதிர்காற்றில் மிதிவண்டி ஓட்டுபவர் இதை அனுபவத்தில் அறிவார். நிதானமாக மிதிக்கும்வரை களைப்புத் தெரியாது. கடைசியாகக் கூட்டும் சிறு வேகமே மூச்சை வாங்கிவிடும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. 2022 நவம்பரில் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 4080 என்னும் மேசைக் கணினி அட்டையில் 9,728 கணிப்பு உள்ளகங்கள் உண்டு. அதன் மின் அளவு 320 வாட். உச்ச வேகம் சுமார் 2,505 மெகாஹெர்ட்ஸ். அதே வகைச் சில்லை, அதே 9,728 உள்ளகங்களோடு, என்விடியா நிறுவனம் 2023இல் மடிக்கணினிக்கும் தந்தது. அங்கே அதன் மின் வரம்பு 80 முதல் 150 வாட் வரை; வேகம் 1,455 முதல் 2,040 மெகாஹெர்ட்ஸ் வரை. மேல்வரம்பில் அது மேசைச் சில்லின் வேகத்தில் எண்பத்தொரு விழுக்காட்டை எட்டுகிறது. மின்சாரமோ பாதிக்கும் குறைவு. செயலிக்குத் தேவைப்படாத மின்சாரத்தைச் சில்லுக்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டினால் மேலும் 25 வாட் கிடைத்தாலும், பாதியைச் சற்றே தாண்டுகிறது; அவ்வளவுதான். நினைவகத்தின் வகை இரண்டிலும் வேறு என்பதையும் சேர்த்துக் கொண்டால்கூட, நாம் மேலே போட்ட பெருக்கல் கணக்கிற்கு இது எவ்வளவு அருகில் வருகிறது!

ஆனால் ஒரு வேடிக்கை. மேசையில் 4080 என்று பெயர் பெற்ற அந்தச் சில்லுக்கு மடிக்கணினியில் சூட்டப்பட்ட பெயர் 4090! மேசைக் கணினியின் உண்மையான 4090 அட்டையோ 16,384 உள்ளகங்களும் 450 வாட்டும் கொண்ட வேறொரு பெரிய சில்லு. பெயரை மட்டும் நம்புவோர் எங்கே இடறுகிறார்கள் என்பது இப்போது புரிந்திருக்கும்.

அடையாளம் மறைந்த கதை

இந்தக் குழப்பம் படிப்படியாக வந்தது. முன்பெல்லாம் மடிக்கணினிச் சில்லுகளின் பெயருக்குப் பின்னால் 'எம்' என்ற எழுத்து இருக்கும். இது மேசைச் சில்லன்று என்பது அதைக் கண்டவுடன் விளங்கிவிடும். 2016இல் வந்த ஜி.டி.எக்ஸ். 10 வரிசையோடு அந்த எழுத்து உதிர்ந்தது. மறு ஆண்டு, 2017இல், 'மேக்ஸ்-கியூ' என்ற திட்டத்தை என்விடியா அறிவித்தது. வானேறும் ராக்கெட்டின் மீது காற்றின் அழுத்தம் உச்சத்தை எட்டும் கட்டத்திற்கு விண்வெளி அறிஞர்கள் வைத்த பெயர் அது. சில்லை அதன் உச்ச வேகத்தில் ஓட்டாமல், சிக்கனம் மிகுந்த இடத்தில் நிறுத்தி ஓட்டி, மெல்லிய கணினிகளைச் செய்வதே திட்டத்தின் நோக்கம். நல்ல நோக்கம்தான். மேக்ஸ்-கியூ என்ற சொல்லைக் கண்டால், வாங்குபவர் குறைந்த வாட் வகை என்று அறிந்துகொள்ளவும் முடிந்தது.

2021இல் ஆர்.டி.எக்ஸ். 30 வரிசை மடிக்கணினிகள் வந்தபோது, மேக்ஸ்-கியூ என்பது சில்லின் பெயரிலிருந்து நீங்கி, பொதுவான தொழில்நுட்பத் தொகுப்பின் பெயராகிவிட்டது. ஆர்.டி.எக்ஸ். 3060 என்ற ஒரே பெயரில் 60 வாட் வகையும் 115 வாட் வகையும் விற்பனைக்கு வந்தன. எதிர்ப்புக் குரல் எழவே, வாட் அளவைத் தங்கள் இணையப் பக்கங்களில் குறிப்பிடுமாறு கணினித் தயாரிப்பாளர்களை என்விடியா பணித்தது. ஆனால் இணையப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருப்பது கடைவீதிக்கு வந்து சேர்வதில்லை. 4060க்கு மின் வரம்பு 35 முதல் 115 வாட் வரை. 2025இல் வந்த மடிக்கணினி 5060க்கு 45 முதல் 100 வாட் வரை. பெயர் ஒன்று, வாட் பல என்னும் நிலை தொடர்கிறது.

வேகத்தைக் கூட்டாமலே வளர்ந்த திறன்

மின்சாரத்தைக் கூட்டாமல் திறனைக் கூட்ட முடியுமா என்றால், முடியும். அதுவே பொறியாளர்களின் உண்மையான சாதனை. 2014 பிப்ரவரியில் வந்த ஜி.டி.எக்ஸ். 750 டி.ஐ., 60 வாட்டில் இயங்கியது. தனி மின்கம்பி இணைப்புக்கூட அதற்குத் தேவைப்படவில்லை. அதற்கு முந்திய தலைமுறையும் அதுவும் ஒரே 28 நானோமீட்டர் முறையில் உருவானவை. உள்கட்டமைப்பை ஒழுங்குபடுத்தியே வாட் ஒன்றுக்கு இருமடங்கு வேலையைப் பெற்றதாக என்விடியா கூறியது.

கணக்குப் போடுவதைவிட, அதற்குரிய எண்களைத் தொலைவிலுள்ள நினைவகத்திலிருந்து கொண்டுவருவதற்கே சில்லில் மிகுந்த ஆற்றல் செலவாகிறது. சமையற்கட்டில் கைக்கெட்டும் தூரத்தில் அஞ்சறைப் பெட்டி இருந்தால், மிளகுக்கும் சீரகத்துக்கும் உம்மா கடைத்தெருவுக்கு நடக்க வேண்டியதில்லை அல்லவா? அதுபோலச் சில்லுக்குள்ளேயே இருக்கும் இடைநினைவகத்தைப் பெருக்கினார்கள். 2020ஆம் ஆண்டு என்விடியாவின் பெரிய விளையாட்டுச் சில்லில் 6 மெகாபைட்டாக இருந்த அந்த இடம், 2022இன் பெரிய சில்லில், முழு வடிவமைப்பில், 96 மெகாபைட்டாக வளர்ந்தது. ஏ.எம்.டி. நிறுவனமும் 2020இல் தன் ஆர்.எக்ஸ். 6800 எக்ஸ்.டி. அட்டையில் 128 மெகாபைட் வைத்து இதே வழியில் நடந்தது.

தேவைக்கேற்ப அளந்து செலவிட்டால் எவ்வளவு குறைவாகவும் காரியம் நடக்கும் என்பதற்கு, 2022இல் வந்த 'ஸ்டீம் டெக்' என்னும் கையடக்கக் கருவி சான்று. அதன் செயலியும் வரைகலைப் பகுதியும் ஒரே சில்லில் அமைந்து, 4 முதல் 15 வாட்டுக்குள் இயங்குகின்றன. திரை சிறியது, 1280க்கு 800 புள்ளிகள். அந்தச் சிறிய திரைக்கு அந்தச் சிறிய ஆற்றல் போதுமானதாயிருக்கிறது.

நம் வெயிலும் விமானப் பயணமும்

நம் நாட்டுக் கோடையில் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வெப்பம் எவ்வளவு விரைவாக வெளியேறும் என்பது, சில்லின் சூட்டுக்கும் அறையின் சூட்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. சில்லு 87 பாகைக்கு மேல் சூடாகக் கூடாது என்று வரம்பிருப்பதாகக் கொள்வோம். அறை 25 பாகையாயிருந்தால் வேறுபாடு 62. சித்திரை வெயிலில் அறை 38 பாகையாகிவிட்டால் வேறுபாடு 49 மட்டுமே. அதே விசிறியால் வெளியேற்ற முடிந்த வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோகிறது. அப்போது சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குளிரூட்டிய கடையில் பறந்த கணினி, மாடி அறையில் தவழ்வதன் காரணம் இதுவே. தலையணை மேலும் மெத்தை மேலும் வைத்து ஓட்டினால் காற்றுத் துளைகள் அடைபட்டு நிலைமை இன்னும் மோசமாகும்.

வெளிநாடு செல்வோர் அறிய வேண்டியதும் ஒன்றுண்டு. விமானத்தில் முன் அனுமதியின்றிக் கொண்டுசெல்லத்தக்க பேட்டரியின் அளவு 100 வாட்-மணி. அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். எனவேதான் பெரிய மடிக்கணினிகளின் பேட்டரிகூட 100ஐத் தாண்டுவதில்லை. 90 வாட்-மணிப் பேட்டரியைக் கொண்டு 180 வாட்டை இடைவிடாது செலவிட்டால், அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆகையால் மின்இணைப்பைப் பிடுங்கியவுடன் இந்தக் கணினிகள் தாமாகவே வேகத்தைச் சுருக்கிக் கொள்கின்றன. இது பழுதன்று.

வாங்குவோர் கவனத்திற்கு

முதலாவது, சில்லின் பெயரைக் கேட்டதோடு நில்லாமல், "இதற்கு எத்தனை வாட் வரம்பு?" என்று கேளுங்கள். தயாரிப்பாளரின் பக்கத்தில் 'டி.ஜி.பி.' என்ற குறியோடு அந்த எண் இருக்கும். கடைக்காரர் அறியாவிட்டால், அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்த பின்னரே பணத்தை எண்ணித் தாருங்கள்.

இரண்டாவது, கூடுதல் வாட்தான் உயர்ந்தது என்றும் எண்ண வேண்டாம். தோளில் சுமந்து கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைக்கு, எடை குறைந்த, இரைச்சல் குறைந்த 65 வாட் வகையே தோழனாயிருக்கும். மேசையை விட்டு நகராமல் வேலை செய்பவருக்கு 115 வாட் பயன்படும்.

மூன்றாவது, திரையில் நொடிக்கு எத்தனை படங்கள் தோன்றலாம் என்பதற்கு அமைப்பில் வரம்பு வையுங்கள். நொடிக்கு 60 முறை மட்டும் புதுப்பிக்கும் திரைக்கு 150 படங்களை வரைந்து தருவது, நிரம்பிய குடத்தில் மேலும் நீர் ஊற்றுவது போன்றது.

நான்காவது, எப்போதும் உச்ச நிலையில் ஓட்டாமல் நடுநிலையில் வையுங்கள். எழுத்து வேலைக்கும் பாடம் படிப்பதற்கும் செயலியோடு இணைந்த சிறு வரைகலைப் பகுதியே போதும். பெரிய சில்லை உறங்கவிடும் ஏற்பாடு 2010 முதலே மடிக்கணினிகளில் உண்டு. அதை அணைத்துவிடாதீர்கள்.

இதனால் மிச்சம் எவ்வளவு? நாள்தோறும் மூன்று மணி நேரம் 200 வாட்டில் ஓடும் கணினி, மாதத்தில் 18 யூனிட் உண்ணும். 100 வாட்டில் ஓடினால் 9 யூனிட். பெருந்தொகையன்று என்பீர்கள். ஆனால் அந்த வெப்பத்தை அறையிலிருந்து நீக்கக் குளிர்சாதனம் உண்ணும் மின்சாரத்தையும், அனலில் விரைந்து தேயும் பேட்டரியையும் சேர்த்தால், இழப்பு வளர்கிறது.

குறை எங்கே?

அன்பருக்கு நான் சொன்ன விடைக்கு வருகிறேன். "உங்கள் மகனுடைய கணினி குறையுள்ளதன்று. ஒவ்வொரு வாட்டுக்கும் அது செய்யும் வேலை, மைத்துனர் மகனுடையதைவிட மிகுதியாகவே இருக்கும். அவனுக்கு வேண்டிய வரைபட வேலையை அது செய்துவிடும்; சற்றே தாமதமாகச் செய்யும். குறை வாட்டில் இல்லை, வாங்கும்போது அது உங்களுக்குச் சொல்லப்படாமல் போனதில்தான் இருக்கிறது" என்றேன். சொல்லியிருந்தால் அவர் ஒருவேளை இதையே தேர்ந்தெடுத்திருப்பார், மனநிறைவோடு.

அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கண்டித்துத் தனி அத்தியாயமே அருளப்பெற்ற சமுதாயம் நாம். விற்கும் பொருளின் நிலையை வாங்குபவருக்கு எடுத்துரைப்பது வணிகரின் கடமை என்று போதிக்கப்பட்டவர்கள். நம்மவர் பலர் மின்னணுக் கடைகள் நடத்துகிறார்கள். ஒரு சிறு அட்டையில் வாட் அளவை எழுதிக் கணினியின் அருகில் வைப்பதற்கு என்ன செலவாகிவிடும்? அந்த அட்டை, விளம்பரத்தைவிட உறுதியான நம்பிக்கையைக் கடைக்குத் தேடித் தரும்.

வாங்குவோராகிய நமக்கும் கடமையுண்டு. ஒளூச் செய்யும் நீரிலும் விரயம் கூடாதென்று கற்பிக்கும் மார்க்கத்தைச் சார்ந்தவர்கள், கண்ணுக்குத் தெரியாத மின்சாரத்திலும் அதைப் பேண வேண்டுமன்றோ? தேவைக்கு மேல் ஒரு வாட் என்பது, வெப்பமாய்ப் போகும் ஒரு துளி உழைப்பு. அந்த உழைப்பு பாலை வெயிலில் நிற்கும் ஒரு வாப்பாவினுடையது.

இன்று அவரது மகன் படங்களுக்கு வரம்பு வைத்து, கணினியின் பின்புறத்தைச் சற்றே உயர்த்தி, காற்றோட்டமான சன்னலோரத்தில் வைத்து வேலை செய்கிறானாம். "இரைச்சல் குறைந்துவிட்டது காக்கா, இஷாவுக்குப் பிறகு அவன் வரைந்துகொண்டிருந்தாலும் வீட்டில் உறங்க முடிகிறது" என்று, மீண்டும் கடல் கடந்து செல்லுமுன் அவர் சொல்லிச் சென்றார். அல்ஹம்துலில்லாஹ்!